ராஜா இறக்கத்தில் நடக்கிறவர்கள்

ஊரில் அவனை மண்கவ்வி என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுவயதில் இரவல் சைக்கிளில் மலைச்சரிவில் இறங்கி, முதல் திருப்பத்திலேயே குப்புற விழுந்து, வாய் நிறைய மண்ணோடு எழுந்து, "பிரேக் பிடிக்கலை" என்று சொன்னவன். அந்தச் சைக்கிளில் பிரேக்கே கிடையாது என்பது அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பதைத் தாண்டி முன்மண்டையில் முடி பின்வாங்கிய பிறகும் உதிரவில்லை.

இப்போது அவனுக்குத் தொழிலே மலைச்சரிவில் இறங்குவதுதான். கோட்டை நகரத்தின் வடக்கு வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருக்கும் சைக்கிள் கடையில் அவன் வழிகாட்டி. ஒரு காலத்தில் காவலர்கள் ஈட்டியைச் சாத்தி வைத்த அறை அது. இப்போது கொழுத்த டயர் போட்ட மலை சைக்கிள்கள் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் காலையில் வந்து கோட்டைச் சுவரையும் மணிக்கூண்டையும் படம் பிடிப்பார்கள். எந்த ராஜா எந்தச் சுவரை எழுப்பினான் என்று பித்தளைப் பலகையில் படிப்பார்கள். அந்தச் சுவருக்குக் கல்லை மலையிலிருந்து முதுகில் இறக்கியவன் யார் என்று எந்தப் பலகையும் சொல்லாது. ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மண்கவ்வியின் பின்னால் கிளம்புவார்கள்.

நகரத்திலிருந்து வெளியே போக அவன் மூன்று வழிகளை வகுத்து வைத்திருந்தான். தொப்பை வைத்தவர்களுக்கு ஆற்றங்கரை. பழைய பாலத்தைத் தாண்டிக் காய்கறித் தோட்டங்களின் ஓரமாகப் போய்த் திரும்பிவிடலாம், வியர்ப்பதற்குள் முடிந்துவிடும். கொஞ்சம் தெம்புள்ளவர்களுக்குக் கைவிடப்பட்ட கல்குவாரி. சல்லியில் சக்கரம் வழுக்கும், இரண்டு பேராவது முட்டியைத் தேய்த்துக்கொண்டு பெருமையாகத் திரும்புவார்கள். மூன்றாவது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு. சைக்கிளை வேனில் ஏற்றி, மலைக்குப் பின்புறமாகச் சுற்றிப் போகும் ரோட்டில் உச்சிக்குப் போய், அங்கிருந்து வேரும் பாறையும் செம்மண்ணுமாக வடக்கு வாசல் வரை ஒரே இறக்கம்.

அந்த மூன்றாவது வழியில்தான் அவன் பிறந்தான். மலையுச்சியை ஒட்டி இருக்கும் சின்னக் குடியிருப்பு அவனுடையது. அங்கிருக்கிறவர்கள் விடிந்ததும் நகரத்துக்கு இறங்கி, ஓட்டல் அடுப்படியிலும் கட்டட வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் உழைத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஏறிவிடுவார்கள். ஒற்றையடிப் பாதை அது. முன்பு கழுதைகள் சுமை ஏற்றிப் போனதால் கழுதைப்பாதை என்று பெயர். கழுதைகள் போய்விட்டன, சுமையும் மனிதர்களும் மிச்சம்.

"கழுதைப்பாதைன்னு போர்டு வெச்சா எவன்டா வருவான்?" என்று கடை முதலாளி கேட்டார். நல்ல மனுஷன்தான், வியாபாரி. "ராஜா இறக்கம்னு போடு. அந்தக் காலத்துல ராஜா குதிரையில இறங்கின வழி."

"குதிரை இறங்கினா கால் உடையும் முதலாளி. அவ்வளவு செங்குத்து."

"அதான் ராஜா செத்துட்டாரு. நீ போடு."

ராஜா இறக்கம் என்றே வரைபடத்தில் ஏறியது. வரைபடம் என்றால் காகிதம் இல்லை. கைபேசியில் ஒரு செயலி. சைக்கிளில் போகும்போது அதைத் திறந்து வைத்தால் போன வழி கோடாகப் பதியும். ஒருவன் போட்ட கோட்டில் இன்னொருவன் போனால் கோடு தடிக்கும். தடித்த கோட்டை உலகம் முழுவதும் பார்த்து, இது நல்ல பாதை என்று இன்னும் நாலு பேர் வருவார்கள். முதல் கோட்டைப் போட்டவன் மண்கவ்வி. வாரத்துக்குப் பல தடவை இறங்கி அதைத் தடிக்க வைத்தவனும் அவன்தான்.

அந்தச் செயலியில் ஒரு வசதி உண்டு. சக்கரம் நின்றால் பதிவும் நின்றுவிடும். உருண்டால் மறுபடி ஓடும். நின்ற நேரத்தை அப்படியே விழுங்கிவிடுவதால் வழிகாட்டிகள் அதற்கு முழுங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். "முழுங்கியைப் போட்டுட்டியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். போடாவிட்டால் வேகம் குறைச்சலாகக் காட்டும். எவன் எவ்வளவு வேகமாக இறங்கினான் என்பதுதான் அவர்களுக்குள் மானப்பிரச்சினை. மண்கவ்வியின் பெயர் பட்டியலின் உச்சியில் இருந்தது. விழுந்து வாங்கிய பெயரை ஓட்டிக் கழுவ வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்திருக்கலாம்.

ஆனால் பாதையில் அவன் நிற்காத நாளே கிடையாது. விறகோடு ஏறுகிற கிழவர் வந்தால் நிற்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தால் நிற்பான். அக்கா வந்தால் இறங்கியே நிற்பான். அவன் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மச்சான் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடப்பதால், வீட்டில் அடுப்பெரிவது அவள் இறங்கி ஏறுகிற கால்களால்தான்.

முழுங்கி இதையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்தது.

பிரச்சினை ஒரு மழைநாளுக்கு அடுத்த காலையில் வந்தது. யாரோ ஒரு வெளியூர் இளைஞன், வழிகாட்டி இல்லாமல் கைபேசிக் கோட்டை மட்டும் நம்பி இறங்கினான். திருப்பத்தில் துணி மூட்டையோடு ஒரு பெண் முன்னால் நடப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிரேக்கை அழுத்தி, பாறைமேல் போய் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்தப் பெண் மண்கவ்வியின் அக்கா. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையைத் துணியால் கட்டி, கீழே வரை தாங்கிக் கூட்டிப்போனவளும் அவள்தான். அவன் வலியோடு நன்றி சொன்னான். ஊருக்குப் போய்ப் புகாரும் எழுதினான்: பாதையில் நடந்து திரிகிறவர்களால் சைக்கிள்காரர்களுக்கு ஆபத்து.

சில வாரங்களில் பாதையின் இரு முனையிலும் கம்பிக் கதவு முளைத்தது, காவலாளியும் வந்தான். பளபளக்கும் பச்சைப் பலகையில் சிரிக்கும் சைக்கிள் படம். கீழே: 'உங்கள் பாதுகாப்புக்காக. இந்தப் பாதை சைக்கிளோடு வருபவர்களுக்கு மட்டும். நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை.'

யாருடைய பாதுகாப்புக்காக யார் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நடந்து நடந்து பாதையை உண்டாக்கியவர்களின் பாதங்களுக்கு இனி அதில் இடமில்லை.

அன்று அக்கா ரோட்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அந்த பஸ் வந்தால் வந்தது. சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்காரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். மறுநாளும் அதேதான். மூன்றாவது தடவை, "இன்னொரு நாள் லேட்டுன்னா வேற ஆள் வருது" என்று சொல்லிவிட்டாள். வேலை முடிந்து அக்கா நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தாள். கைகள் சோடாக்காரத்தில் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"டேய் தம்பி, உன் ஆளுங்கதானே கதவு போட்டாங்க? போய்த் திறக்கச் சொல்லுடா."

"என் ஆளுங்க இல்லைக்கா. மலைப்பாதை ஆபீஸ்."

"ஏதோ ஒண்ணு. உனக்குத்தான் அங்க மரியாதை உண்டே. வா, போவோம்."

மலைப்பாதை அலுவலகம் கோட்டைக்குள்ளேயே பழைய ஆயுதக் கிடங்கில் இருந்தது. அதிகாரி சின்ன வயசுப் பெண். இருவரையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்தாள். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தலாம். அவள் மரியாதையாகப் பேசியதால் அக்காவுக்கு அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

"அம்மா, நான் பொறந்ததுலேர்ந்து அந்த வழியிலதான் நடக்கிறேன். எங்க ஊரே நடக்குது" என்றாள் அக்கா.

"நான் நம்புறேன் அக்கா. ஆனா நான் நம்பினா போதாதே. மேல ஆதாரம் கேப்பாங்க. முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, யார் யார் பயன்படுத்துறாங்கன்னு பாத்துட்டுதான் எடுத்தோம்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மலை முழுவதும் கறுப்பாக இருக்க, நடுவில் ராஜா இறக்கம் மட்டும் நெருப்பு மாதிரி எரிந்தது. "இதெல்லாம் சைக்கிள். நடக்கிறவங்க பதிவு ஒண்ணுகூட இல்லை."

"நாங்க எதுக்கும்மா பதியணும்? நாங்க வேலைக்குப் போறோம்."

"எதிர்ப்பு இருந்தா சொல்லலாம்னு அறிவிப்பும் கொடுத்தோமே."

"எங்க கொடுத்தீங்க?"

"இந்த வரைபடத்துலயேதான். பாதையைத் தொட்டா மேல வரும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் அந்த அறிவிப்பைப் பார்த்திருந்தான். ஏதோ விளம்பரம் என்று பெருக்கல் குறியை அழுத்தி மூடியும் இருந்தான். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை.

"இன்னொண்ணும் பாத்தோம்" என்றாள் அதிகாரி. "நடக்கிறவங்க எதிர்ல வந்தா சைக்கிள்காரங்க எங்கயாவது நிப்பாங்க இல்லையா? வழி விடுவாங்க இல்லையா? பாருங்க, யாரும் எங்கயும் நிக்கலை. எல்லாம் ஒரே ஓட்டம். அந்த வழியில அதிகமா இறங்கினவர் யாருன்னு தேடினேன். சார் பேர்தான் வந்துச்சு. அவரே ஒரு தடவைகூட நின்னதில்லை."

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய், போன வாரம்கூட நின்னு என் மூட்டையைத் தூக்கி விட்டியே?"

"நின்னேன்க்கா."

"அப்புறம் ஏன்டா நிக்கலைன்னு சொல்லுது?"

அவன் முழுங்கியைப் பற்றிச் சொன்னான். சக்கரம் நின்றால் பதிவு நிற்பது, வேகம் குறையாமல் இருப்பது, எல்லா வழிகாட்டிகளும் அப்படித்தான் என்பது. சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. அக்கா கவனமாகக் கேட்டாள்.

"அப்படின்னா, நான் எதிர்ல வந்தப்பல்லாம் உன் மெஷின் கண்ணை மூடிக்கிச்சு."

"அப்படி இல்லைக்கா" என்று ஆரம்பித்தான். ஆனால் அப்படித்தான் நடந்திருந்தது.

அவன் விட்டுவிடவில்லை. மறுநாள் முழுங்கியை அணைத்துவிட்டு ராஜா இறக்கத்தில் இறங்கினான். கதவு போட்ட பிறகும் விறகுக் கிழவர் போன்ற சிலர் காவலாளி அசந்த நேரம் பார்த்துக் கம்பிக்கடியில் குனிந்து நுழைந்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நின்றான். பட்டியலின் உச்சியிலிருந்து அவன் பெயர் சரிந்தது. அது பற்றி அவனுக்குக் கவலையில்லை. பதிவை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினான்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். "நின்னது தெரியுது சார். எதுக்கு நின்னீங்கன்னு தெரியலையே. தண்ணி குடிச்சிருக்கலாம். போன் பேசியிருக்கலாம்." பிறகு தாழ்ந்த குரலில், "அதோட, நீங்க இறங்கினதுல இன்னொரு சைக்கிள்தான் கூடியிருக்கு" என்றாள்.

அடுத்து அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. சைக்கிள்காரன் பதிவு வேண்டாம். நடக்கிறவள் பதிவே இருக்கட்டும். கைபேசியை அக்காவின் பையில் போட்டு, செயலியைத் திறந்து வைத்து, காவலாளி கண்ணில் படாமல் கதவோரமாக அவளை நுழைய வைத்து நடக்கச் சொன்னான். அவள் வீட்டிலிருந்து வடக்கு வாசல் வரை இறங்கினாள். அவன் ஆவலோடு வாங்கிப் பார்த்தான். அது சைக்கிள் பாதை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், அதில் எது நகர்ந்தாலும் சைக்கிள்தான் என்று செயலி எழுதிக்கொண்டது. 'ஒரு சைக்கிள் இறங்கியது. வேகம்: மிகக் குறைவு. அடுத்த முறை முயலுங்கள்.'

செய்தி வீட்டுக்குப் போனதும் மச்சான் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "இத்தனை வருஷம் உங்க அக்காகூட குடும்பம் நடத்திட்டேன் மாப்ளே, சைக்கிள்னு தெரியாமப் போச்சே. அதான் முட்டி கீச்சு கீச்சுன்னுது. கொஞ்சம் எண்ணெய் போட்டு விடு."

அக்காவும் சிரித்தாள். அவனால் முடியவில்லை.

வானத்திலிருந்து அசரீரி கேட்டது என்று சொன்னால் இந்தக் காலத்தில் நம்ப மாட்டார்கள். அதே வானத்தில் சுற்றும் எந்திரம் ஒரு கோடு போட்டால், படித்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கண்ணெதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி, ரத்தமும் சதையுமாக, சோடாக்காரம் தின்ற கைகளோடு. அவள் நடக்கிறாளா என்பதைத் திரையில் தேடினார்கள்.

மண்கவ்வி முதலாளியிடம் போனான். "அந்த ரூட்டை எடுத்துடலாம் முதலாளி."

"எடுத்துக்கோ. பக்கத்துக் கடைக்காரன் நாளைக்கே போட்டுக்குவான். கோடு வரைபடத்துலதானே இருக்கு, நம்ம சுவத்துலயா இருக்கு, சுண்ணாம்பு அடிச்சு அழிக்க?"

வரைபடக் கம்பெனிக்கு எழுதினான். தன் கோட்டை அழிக்கச் சொன்னான். உடனே பதில் வந்தது, எந்திரம்தான் எழுதியது. அவனுடைய பதிவுகள் நீக்கப்பட்டனவாம். திறந்து பார்த்தான். அவன் போட்டது போன பிறகும் மற்றவர்கள் போட்டது அப்படியே எரிந்துகொண்டிருந்தது. ஒரு இழைகூட மெலியவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தான். விட்டால் என்ன ஆகும்? இன்னொருவன் ஹெல்மெட்டை மாட்டுவான். கதவு கதவாகவே இருக்கும். அக்கா வீட்டு அடுப்பு அணைந்தால் கொஞ்சம் கொடுத்து உதவ இருக்கிற ஒரு கையும் போய்விடும். ஆத்திரம் தொண்டை வரை வந்து, யார்மேல் துப்புவது என்று தெரியாமல் திரும்பிப் போனது. அதிகாரி நல்லவள். முதலாளி நல்லவர். கதவில் நிற்கும் காவலாளி அதே குடியிருப்புக்காரன், குழந்தைகுட்டிக்காரன். இத்தனை நல்லவர்களும் சேர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முடிவு எடுத்தது அக்காதான். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"பலகையில என்னடா எழுதியிருக்கு? சைக்கிளோட வர்றவங்களுக்கு மட்டும்தானே?"

"ஆமாக்கா."

"ஓட்டிட்டு வரணும்னு இருக்கா?"

அவன் யோசித்தான். "இல்லை."

"அப்ப எனக்கு ஒரு சைக்கிள் கொடு."

கடைக்குப் பின்னால் கழித்துப்போட்ட குவியலிலிருந்து, கைப்பிடி கோணிய ஒரு பழைய சைக்கிளை இழுத்துக் கொடுத்தான். பெடல்களில் ஒன்று இல்லை. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. இந்த வயசில் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. மறுநாள் காலை மேல் கதவில் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவலாளி பலகையை ஒருமுறை படித்தான், அவளை ஒருமுறை பார்த்தான். கதவைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த வாரமே குடியிருப்பில் ஆளாளுக்கு ஓட்டை சைக்கிள் தேட ஆரம்பித்தார்கள். விறகுக் கிழவர் தலையில் விறகுக்கட்டோடு, ஒரு கையில் குழந்தை சைக்கிள் ஒன்றை இழுத்துக்கொண்டு ஏறினார். சக்கரமே இல்லாத சட்டத்தைத் தோளில் போட்டு ஒருவன் நடந்தான். வெறும் கையோடு நடந்தவர்கள் இப்போது சும்மா ஒரு இரும்பையும் சுமந்து நடந்தார்கள்.

ஒரு காலை மண்கவ்வி ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு உச்சியிலிருந்து இறங்கினான். வேர்கள் பின்னிக் கிடந்த குறுகலான இடத்தில், முன்னால் அக்கா. முதுகில் மூட்டை. சைக்கிள் சரிவில் அவளை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தது, பிரேக் இல்லை, உடம்பையே முட்டுக் கொடுத்து அதைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். அவன் நின்றான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

"அட, இந்த ஊர்ப் பெண்களும் சைக்கிளுக்கு வந்துட்டாங்களா! ரொம்ப நல்ல விஷயம்" என்றார் கூட்டத்தில் ஒருவர், மனசாரச் சந்தோஷப்பட்டு. கைபேசியை எடுத்து ஒரு படமும் பிடித்துக்கொண்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீயா? நல்ல சமயத்துல வந்தே. இந்தச் செயின் கெண்டைக்கால்ல பிராண்டிக்கிட்டே வருது. கழட்டி எறிஞ்சுடு."

"செயின் இல்லாம எப்படிக்கா..."

"ஓட்டவா போறேன்?"

அவள் கெண்டைக்காலில் எண்ணெய்க் கறையும் ரத்தமும் கோடு கோடாகக் கலந்திருந்தன. அவன் மண்டியிட்டு, பையிலிருந்து கருவியை எடுத்து, செயினின் கண்ணி ஒன்றைத் தட்டிக் கழற்றினான். துருப்பிடித்திருந்ததால் நேரமாயிற்று. அக்கா சூரியனைப் பார்த்து மணியைக் கணக்குப் போட்டாள்.

"சீக்கிரம்டா. இன்னைக்கு லேட்டானா அவ்வளவுதான்."

செயின் பாம்பு மாதிரி அவன் கையில் வழிந்து விழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் மணியடித்தான். கோபத்தில் அடிக்கவில்லை, உடம்பு ஆறிவிடுமே என்ற அவசரம். மறுபடியும் அடித்தான். அக்கா மூட்டையையும் சைக்கிளையும் சேர்த்துப் பள்ளத்தின் பக்கம் இழுத்து, ஒரு காலை வேரில் ஊன்றிச் சாய்ந்து நின்றாள்.

"போங்க தம்பிங்களா, போங்க" என்றாள். "எனக்கு முன்னாடி நீங்க போனாத்தான் எனக்கு வழி."

மண்கவ்வி முதலில் போக வேண்டும், வழிகாட்டி அவன்தான். கையில் ஒட்டிய கறுப்பு எண்ணெயோடு கைப்பிடியைப் பிடித்தான். அக்காவின் முழங்கை அவன் தோளில் உரசும் அளவுக்கு நெருக்கமாகக் கடந்து, இறங்கிப் போனான்.